கால் தவறியவர்கள் பதிவேடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அவசரக்குடுக்கை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போன் பண்ணினால் என்ன குறைந்துவிடும் என்று திட்டாதே. எனக்கும் போனுக்கும் ஆகாது, உனக்கே தெரியும்.

மறுபடி அறை மாற்றிவிட்டேன். ஒரே வருஷத்தில் இது நாலாவது. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். யார் ஏறினாலும் என் கட்டில் ஆடுகிறது. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி இரண்டு வரி. கீழே காவல்காரர், "என்ன சார், வேண்டுதலா?" என்று கேட்டே விட்டார்.

அக்டோபர் 31 கடைசி நாள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, கல்லூரியில் தற்காலிக வேலையும் போய்விடும். ஏழு வருஷ உழைப்பு. சமூகவியல் என்ற படிப்பு எப்படிப் பிறந்தது, பெற்றெடுத்தவர்கள் யார் என்பதுதான் தலைப்பு. அவர்கள் பெயரெல்லாம் வாயில் நுழையாது என்று நீ அலுத்துக்கொள்வாய். அதனால் உனக்காகப் பட்டப்பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் பெயர்வைத்தவர். இந்தப் படிப்புக்குப் பெயர் கொடுத்ததே அவர்தான். அடுத்தது எண்ணியவர். தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வது ஒருவரின் சொந்த விஷயம் என்றுதானே நினைக்கிறோம்? அதுகூட இல்லை என்றார். சுற்றியிருப்பவர்களோடு ஒருவர் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று சாவுப் பதிவுகளை எண்ணியே நிரூபித்தார். இருபத்தாறாயிரம் சாவு! அத்தனையையும் பிரித்து அடுக்கிக் கொடுத்தது அவருடைய அக்கா மகன்.

இங்கேதான் நீ வருகிறாய். நீ எழுதும் நம் ஊர் இறப்புப் பதிவேட்டில் எண்ணியவர் சொன்னது பலிக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். பதினோரு வருஷக் கணக்கு வேண்டும். நோய், விபத்து, தானாக, பிறரால் என்று நீங்கள் போடும் நாலு கட்டம் இருக்கிறதே, வருஷவாரியாக அந்த எண்ணிக்கை மட்டும் போதும். பெயர் வேண்டாம்.

மூன்றாவது கூண்டுக்காரர். மனிதன் தன் வசதிக்காகக் கட்டிய சட்டமும் அலுவலகமும் கடைசியில் அவனையே அடைக்கும் இரும்புக் கூண்டாகிவிடும் என்றவர். அவர் தன் அப்பாவோடு பெரிய சண்டை போட்டார். சமாதானம் ஆவதற்குள் சில வாரங்களில் அப்பா போய்விட்டார். அதன்பிறகு சில வருஷம் அந்த மேதையால் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, வகுப்பெடுக்க முடியவில்லை. ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பாராம். இதை ஆய்வில் எழுதப்போவதில்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியது.

மாமாவுக்கு என் வணக்கம். பதிலை உடனே போடு.

உன் தம்பி

•

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். முதுகுவலி என்னை விட்டுப் போவதாக இல்லை, பாசக்காரி. மாமா மாத்திரையைப் போட்டுக்கொண்டே இனிப்பையும் தின்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கையெழுத்தைப் பார்த்தால் பட்டினி கிடந்து எழுதியது போல இருக்கிறது.

நாலு அறை மாற்றியும் நீ மாறவில்லையே! தவறு அறையில் இல்லை, உன் காலில் இருக்கிறது.

உன் பெரியவர்களைப் பற்றிப் படித்தேன். எண்ணியவர் உட்கார்ந்த இடத்தில் எண்ணிவிட்டார், பேரும் வாங்கிவிட்டார். எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? இங்கே என் ஜன்னலுக்கு வந்து பார்க்கச் சொல். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் நான், நடுவில் சுற்றாத மின்விசிறி. பிறப்புக்கு வருகிறவர்களும் இறப்புக்கு வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நேற்று ஒருவர் பேத்திக்குப் பெயர் பதிய வந்து, முன்னால் நின்றவர் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதுவிட்டுப் போனார். போன பிறகுதான் தெரிந்தது, வந்த வேலையைச் செய்யாமலே போயிருக்கிறார்.

பதினோரு வருஷம் எதற்கு? கடைசி ஐந்து வருஷம் போதாதா? பழைய ஏடுகள் எல்லாம் மேல் பரணில் இருக்கின்றன, கரையான் வேறு. ஐந்து வருஷம் என்றால் இந்த வாரமே அனுப்பிவிடுவேன். யோசித்துச் சொல்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

•

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

ஐந்து போதாது. சின்ன ஊர், ஐந்து வருஷத்தில் ஒன்றும் தெரியாது. பதினொன்றேதான் வேண்டும். கரையானிடம் நான் கேட்டதாகச் சொல்.

நெறியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதினதெல்லாம் மத்தவங்க சொன்னதுதான். உன் சரக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பெயர்வைத்தவர் கதையைத்தான் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். அவர் முதலில் 'சமூக இயற்பியல்' என்றுதான் பெயர் வைத்தார். புள்ளிவிவரக்காரர் ஒருவர் அதே பெயரை எடுத்துக்கொண்டார். இவருக்கு வந்ததே கோபம், யாரும் தொட முடியாதபடி புதிதாக ஒரு சொல்லையே உண்டாக்கிவிட்டார். சொற்பொழிவுத் தொடர் ஒன்றை ஆரம்பித்து மூன்று முடிந்ததுமே புத்தி பேதலித்து மருத்துவமனைக்குப் போனார், தேறி வந்து மறுபடி முதலிலிருந்து பேசினார். பிற்பாடு மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதையே நிறுத்திக்கொண்டார், மூளை கெட்டுவிடுமாம். நானும் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

கூண்டுக்காரரின் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தேனே, நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பாவோடு கடைசியாகப் பேசியது போனில்தான். "செத்துப்போனவங்க எழுதினதைப் படிச்சு என்னடா ஆகப்போவுது?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் புரியாது. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டேன். பத்தொன்பதாவது நாள் நீ போன் பண்ணினாய், அப்பா மொட்டைமாடியில் கால் தவறி விழுந்துவிட்டார் என்று. ஆறு வருஷம் ஆகிவிட்டது. போன் மணி அடித்தால் இன்னும் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன்.

கணக்கை அனுப்பு அக்கா. காத்திருக்கிறேன்.

தம்பி

•

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வருஷக் கடைசி, வேலை கழுத்தை நெரித்தது. உன் மூன்று நினைவூட்டல் அட்டைகளும் வந்தன. தபால்காரர், "தம்பிக்கு என்னங்க அவசரம்?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன்.

பதினோரு வருஷக் கணக்கும் தனித்தாளில் இருக்கிறது. 'தானாக' என்ற கட்டத்தில் மொத்தம் ஒன்பது. வருஷம், மாதம் போட்டிருக்கிறேன். ஆய்வில் எழுத இது போதும் என்றால் சரி, ஆனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சின்ன ஊர்க் கணக்கு, அதில் என்ன இருக்கப்போகிறது?

அந்த அட்டைகளில் ஒன்றில் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தாயே, காது கேட்காதவர், கேட்பதற்காக ஊதுகுழல் மாதிரி ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தவர், பெயர்வைத்தவரின் ஆறு புத்தகத்தை இரண்டாகச் சுருக்கியவர். உன் ஆட்களில் எனக்குப் பிடித்தது அவர்தான். ஆறை இரண்டாக்கத் தெரிந்தவர் கட்டாயம் குடும்பம் நடத்தத் தெரிந்தவராக இருப்பார்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பழசைக் கிளறாதே. சாப்பிடு, தூங்கு.

அக்கா

•

ஏப்ரல் 8

அருமை அக்காவே,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. ஒன்பது! பதினோரு வருஷத்தில் ஒன்பதே பேர்! நம் ஊர் அளவே இருக்கும் பக்கத்து ஊரில் அறுபத்தொன்று. நான்கு தடவை கூட்டிப் பார்த்தேன்.

எண்ணியவர் சொன்னது நம் தெருவில் பலித்திருக்கிறது, அக்கா. ஜனங்கள் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஊர் நம்முடையது. அவரவர் வேலையை அவரவர் பார்க்காமல் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்! அதுதான் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்று. ஒன்பதில் ஐந்து ஒரே வருஷத்தின் மே, ஜூன். முதலில் வெயில் என்று நினைத்தேன். எண்ணியவர் அதை மறுக்கிறார். பகல் நீள நீள ஜனங்களின் நடமாட்டமும் பரபரப்பும் கூடுகிறது, காரணம் அதுதான் என்கிறார். அப்படியே பொருந்துகிறது! அதற்கே பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

நெறியாளர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதான்யா சரக்கு!" என்றார். இதை நாலாம் அத்தியாயமாக வைத்தால் நிரந்தர வேலைக்கே பரிந்துரைப்பேன் என்கிறார். சான்றளித்த நகல் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதப்போகிறார். நேற்று சந்தோஷத்தில் ஆற்றுப் பாலம் வரை நடந்துபோய்த் திரும்பினேன். இப்போதும் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

எல்லாம் உன்னால்தான். மாமாவிடம் சொல்.

உன் தம்பி

•

ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நகல் கேட்டு எழுத வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் இன்றே சொல். நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிடு. வேறு ஊர்க் கணக்கை வைத்து எழுது. காரணம் கேட்காதே. அக்கா சொன்னால் கேட்பாய் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நெறியாளர் அம்மாவின் கடிதம் உங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதையும் விடு என்கிறாய்.

அப்பா சொன்னதைத்தான் நீயும் வேறு வார்த்தையில் சொல்கிறாய். இந்தப் படிப்பு உங்கள் யாருக்கும் பிடித்ததில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், நீ மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபத்தில் எழுதுகிறேன். இருந்தாலும் அனுப்பத்தான் போகிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

•

மே 30

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம். ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இன்றைக்கு ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் எங்களுக்கு வரும் காகிதத்தில் 'விழுந்து' என்றோ 'மூழ்கி' என்றோதான் இருக்கும். எப்படி என்பதை வீட்டாரிடம் கேட்டு நாங்கள்தான் கட்டத்தில் குறிக்க வேண்டும். நான் ஜன்னலில் உட்கார்ந்த முதல் மாதம் ஒரு பெண் வந்தாள். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. புருஷனுக்குப் பதிய வந்திருந்தாள். "எப்படிம்மா?" என்று கேட்டேன். அவள் பெரியவனைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர, வேலைக்குச் சேர, எங்கே போனாலும் இந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும். அந்த ஒரு சொல் ஆயுசுக்கும் அவன் தலையில் உட்கார்ந்திருக்கும். நான் கேள்வியை மாற்றினேன். "கால் தவறிடுச்சாம்மா?" என்றேன். "ஆமாங்க" என்றாள். விபத்து என்று எழுதினேன்.

அன்றிலிருந்து என் கேள்வி அதுதான். கால் தவறிடுச்சா? தண்ணி ஆழம் தெரியலையா? மருந்துன்னு நெனச்சு மாத்திக் குடிச்சிட்டாரா? கேள்வியிலேயே பதிலை வைத்து நீட்டுவேன். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நாற்பத்து மூன்று பேர். எண்ணிவைத்திருக்கிறேன், உன் ஆள் மட்டுமா எண்ணுவார்?

அந்த ஒன்பதும் நான் லீவில் இருந்த நாட்களில் வேறு ஆள் எழுதியது. மே, ஜூனில் ஐந்து என்று கொண்டாடினாயே, அது பகல் நீளம் இல்லையடா, என் பித்தப்பை. ஆபரேஷனுக்குப் போய் ஏழு வாரம் படுத்திருந்தேன். உன் பன்னிரண்டு பக்கத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

உன் நெறியாளரின் கடிதம் போனதும் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு குறைவா என்று ஒரு தணிக்கை அலுவலரை அனுப்பியிருக்கிறார்கள். கெட்டிக்காரர். மூன்றே நாளில் ஒன்பதையும் என் லீவுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். சந்தேகத்துக்கிடமான பன்னிரண்டு பதிவை எடுத்திருக்கிறார். அந்தந்த வீட்டுக்கு ஒரு படிவம் போகும், சாவு எப்படி நடந்தது என்று நெருங்கிய உறவு எழுதித் தர வேண்டும். ஒருவர் மாற்றி எழுதினாலும் என் வேலை போகும். வழக்கும் வரலாம்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உன் அத்தியாயம் பொய்யில் நிற்கிறது, அந்தப் பொய் என்னுடையது. அதைச் சொல்லாமல் நீ மேடையேறி அவமானப்படக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

•

ஜூன் 5

அக்கா,

பன்னிரண்டில் அப்பா இருக்கிறாரா?

•

ஜூன் 9

என் கண்ணே,

இருக்கிறார்.

அன்று காலை நான் துணி எடுக்க மாடிக்குப் போனபோது கைப்பிடிச் சுவர்மேல் அப்பாவின் கண்ணாடியும் கைக்கடிகாரமும் இருந்தன. கண்ணாடி மடித்து, கடிகாரம் அதன் பக்கத்தில் நேராக. கால் தவறி விழுகிறவர் அப்படி எடுத்து வைத்துவிட்டா விழுவார்? யாரும் வருவதற்குள் இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். மாமாவுக்கு மட்டும் தெரியும். நான்காம் நாள் மாமா ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார். தன் வீட்டுச் சாவைத் தானே எழுதக் கூடாது என்பது விதி. நானேதான் எழுதினேன். "கால் தவறிடுச்சா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார், யாரோ போல. அதைத்தான் அலுவலர் முதலில் பிடித்தார்.

உன்னிடம் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் என்று நீ எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னால் இல்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எனக்கு எதுவுமே தெரியாது. முந்தின நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, "கொஞ்சம் உக்காரும்மா, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று அப்பா கூப்பிட்டார். "பஸ் போயிரும்ப்பா" என்றேன். நானும் ஆறு வருஷமாக அந்த பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். ஓய்வுபெற்று இரண்டு வருஷம் வாசலுக்கும் மாடிக்கும் நடந்தார், எந்த வண்டி எப்போது போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு. யாருக்கும் அந்த நேரம் தேவைப்படவில்லை. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

பதினோரு படிவம் திரும்பி வந்துவிட்டது. பதினொன்றிலும் நான் எழுதியபடியே எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது உனக்கு வரும். மாமா சாட்சி, நான் எழுத்தர், அதனால் எங்கள் வாக்கு செல்லாது. மகன்தான் எழுத வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி விசாரணை.

எனக்காக யோசிக்காதே. உண்மை எதுவோ அதை எழுது. இத்தனை வருஷம் படித்தது அதற்குத்தானே?

அக்கா

•

ஜூலை 21

தம்பிக்கு,

ஆறு வாரமாகிறது. நான்கு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. உன் கட்டிடத்துக் காவல்காரர், "சார் காலையில கெளம்பினா இருட்டறப்பதாங்க வர்றார், நடந்துகிட்டே இருக்கார்" என்றார். சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.

படிவத்தை நீ எப்படி வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் கிழித்துப் போடு. வேலை போனால் போகட்டும், தலையா போய்விடும்? என் பயம் அது இல்லை. உனக்குப் புரியும். மொட்டைமாடிக்குப் போகாதே. நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரே ஒரு வரி எழுது. வியாழனுக்குள் வராவிட்டால் மாமாவும் நானும் வண்டியேறிவிடுவோம்.

அக்கா

•

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வண்டியேறாதே. உன்னைத் தவிக்கவிட்டதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். மொட்டைமாடிக்குப் போகவில்லை, போகமாட்டேன். நடந்தேன், அவ்வளவுதான். நடந்து நடந்து செருப்பு அறுந்து, தைத்து, மறுபடி அறுந்துவிட்டது. இரண்டு வாரமாக ஒரு மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். தூங்குகிறேன். காவல்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். நெறியாளர் அம்மாவுக்குக் கோபம். "காரணம் சொல்லு" என்றார். கணக்கில் தப்பு என்றேன். "யார் தப்பு?" என்றார். என் தப்பு என்றேன்.

அந்த இடத்தில் வேறொன்று எழுதுகிறேன், நம் ஊர் இல்லாமல். எண்ணியவரை மறுபடி படித்தேன். அந்தக் காலத்துப் பதிவுகளில் எதனால் இறந்தார் என்று இன்னொரு கட்டமும் இருந்தது. குடும்பச் சண்டை, காதல், நோய் என்று எழுதியிருப்பார்கள். எண்ணியவர் அதை நம்பவில்லை. எழுத்தருக்கு அடுத்தவர் மனது எப்படித் தெரியும் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அதே எழுத்தர் 'தானாக' என்று குறித்ததை மட்டும் அப்படியே நம்பி எண்ணினார். அக்கா மகன் அடுக்கிய இருபத்தாறாயிரத்துக்கும் பின்னால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவர் உட்கார்ந்து யாரையோ பார்த்துக் கேள்வியை மாற்றிக் கேட்டிருப்பார். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இதைத்தான் எழுதுகிறேன். தேறுமா என்று தெரியவில்லை. அக்டோபருக்குள் முடித்துவிடுவேன்.

அவர் எழுத்தரை நம்பாத அந்த இடத்தை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். கடைசியாக நடந்த ஒரு சண்டையைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்கிறார். முதலில் படித்தபோது, என்ன ஈரமில்லாத ஆள் என்று நினைத்தேன். இந்த ஆறு வாரத்தில் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் பஸ்ஸும் என் போனும் இல்லாமல் போய்விடாது அக்கா. ஆனால் அவை மட்டுமே இல்லை.

படிவம் ஜூன் கடைசியில் வந்தது. தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். உண்மையை எழுது என்றாய். எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று தடவை. நேற்று தபால் நிலையத்து மேசையில் வைத்து எழுதினேன். மரணம் நிகழ்ந்த விதம், தங்கள் அறிவுக்கு எட்டியவரை என்று கேட்டிருந்தது. 'மாடியில் கால் தவறி விழுந்தார்' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய்க் கணக்கு. பசை தடவி ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கீழே 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'மகன்' என்று எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர், "பேனா எழுதலையா சார்?" என்று தன் பேனாவைக் கொடுத்தார். அதை வாங்கி எழுதினேன்.

அப்பா போனபோது நான் வந்து நின்றுவிட்டு, அழாமல் அன்று மாலையே கிளம்பிவிட்டேன். ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். திங்கட்கிழமையும் இருப்பேன். நீ லீவு சொல்லிவிடு. ஜன்னலில் யார் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள்தானே.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி